டாலரில் பட்ட கடனும் காஃபுவே ஆற்றுத் தண்ணீரும்

உங்கள் கேள்வி இது: ஏற்றுமதியும் வெளிநாட்டு முதலீடும் வந்தால்தான் ஏழை நாடு முன்னேறும் என்கிறார்கள் சிலர். அதனால்தான் ஆறும் காடும் கெட்டுப்போயின என்கிறார்கள் வேறு சிலர். நடுவில் கடன் எங்கே வருகிறது, யார் சொல்வது சரி?

இதைப் பொத்தாம் பொதுவாகப் பேசினால் இரண்டு பக்கமும் சரி என்றுதான் முடியும். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் தெற்கே கடற்கரை இல்லாத நாடு சாம்பியா. ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு செம்பிலிருந்துதான் வருகிறது. கடன் வாங்கித் தவித்து, தள்ளுபடி வாங்கி, மறுபடி கடன் வாங்கி, மறுபடி கைவிரித்த நாடு. அதன் சுரங்கப் பகுதி ஆறுகளில் நடந்தது நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாலரில் கடன்பட்ட அரசால், தனக்கு டாலர் கொண்டுவரும் தொழிலைக் கண்டிக்க முடிவதில்லை. சட்டம் இருக்கும், அதிகாரியும் இருப்பார். ஆனால் அந்தத் தொழில் ஒரு மாதம் நின்றால் அடுத்த தவணைக்கு என்ன செய்வது என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். சுற்றுச்சூழல் கேடு பெரும்பாலும் அந்தப் பயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

1964இல் சாம்பியா விடுதலை பெற்றபோது கையில் செம்பு இருந்தது, விலையும் நன்றாக இருந்தது. கென்னத் கவுண்டாவின் அரசு 1960களின் கடைசியில் சுரங்கங்களில் பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தில் பள்ளி, மருத்துவமனை, சாலை எல்லாம் வந்தன. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. 1975 வாக்கில் செம்பு விலை சரிந்தது. விலை திரும்ப ஏறும், அதுவரை கடனில் ஓட்டிவிடலாம் என்று அரசு நினைத்தது. அப்போது கடன் கொடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். விலை ஏறவில்லை, உலக வட்டி விகிதம் ஏறியது.

பன்னாட்டு நாணய நிதியம் உள்ளே வந்தது இப்படித்தான். உணவு மானியத்தைக் குறை என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. சாம்பியாவில் மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான் முக்கியச் சாப்பாடு. 1986 டிசம்பரில் அந்த மாவின் விலை ஒரேயடியாக இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சுரங்க நகரங்களில் கலவரம் வெடித்தது, பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கவுண்டா விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றார். 1987 மே மாதம் நிதியத்தோடு உறவை முறித்துக்கொண்டு, ஏற்றுமதி வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கடனுக்குக் கட்ட மாட்டோம் என்று அறிவித்தார். இரண்டு ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. புதிய கடன் வரும் வழிகள் அடைபட்டன, மறுபடி பேச்சுவார்த்தைக்குப் போனார். கடன்பட்ட நாடு தனியாக எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்பதை அந்தப் பகுதி முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததுதான் சுற்றுச்சூழல் கதையின் அடித்தளம். 1990களில் அரசுச் சுரங்க நிறுவனமான இசட்சிசிஎம் நொடித்துக்கொண்டிருந்தது. புதிய இயந்திரம் வாங்கக் காசில்லை, உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கியது. அதை விற்றால்தான் உதவியும் கடன் நிவாரணமும் என்று கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். 1997இல் தொடங்கி 2000க்குள் துண்டு துண்டாக விற்றார்கள். அப்போது உலகச் சந்தையில் ஒரு டன் செம்பு ஆயிரத்து ஐந்நூறு டாலர் சுமாருக்குக் கிடந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய விவசாயி களத்துமேட்டிலேயே அவர் சொன்ன விலைக்கு நெல்லை அளந்து போடுவதுபோல, விலை அடிமட்டத்தில் இருந்த நேரத்தில் நாட்டின் மொத்தச் சொத்தும் கைமாறியது.

விற்றபோது போட்ட ஒப்பந்தங்களை நீங்கள் கவனிக்க வேண்டும். அவை முதலில் வெளியே காட்டப்படவே இல்லை, பிற்பாடுதான் கசிந்தன. சுரங்கத்துக்கான ராயல்டி, அதாவது எடுக்கும் செம்பின் மதிப்பில் அரசுக்குச் சேரும் பங்கு, 0.6 விழுக்காடு. அதை 15, 20 ஆண்டுகளுக்கு மாற்ற மாட்டோம் என்று அரசு கையெழுத்துப் போட்டிருந்தது. பழைய மாசுக்கு வாங்குபவர் பொறுப்பல்ல என்றும் இருந்தது. நிறுவனமே தயாரித்த சுற்றுச்சூழல் திட்டத்துக்கு உட்பட்டு நடக்கும்வரை, பொதுச் சட்டத்தின் வரம்பை மீறினாலும் நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்ற விதமான பிரிவும் இருந்தது. அதாவது ஆற்றில் எவ்வளவு கந்தகத் தண்ணீர் கலக்கலாம் என்பது முதலீட்டு ஒப்பந்தத்திலேயே பேரம் பேசி முடிக்கப்பட்ட விஷயம். கரையில் இருந்தவர்கள் யாரும் அந்த மேசையில் உட்காரவில்லை.

விற்று முடித்த கொஞ்ச நாளிலேயே சீனாவின் தேவையால் விலை ஏறத் தொடங்கியது. 2006இல் டன் எட்டாயிரம் டாலரைத் தொட்டது. 0.6 விழுக்காடு என்றால் அந்த ஒரு டன்னுக்கு அரசுக்குக் கிடைக்கும் ராயல்டி 48 டாலர். 2008இல் ஜனாதிபதி லெவி ம்வானவாசா துணிந்து பழைய ஒப்பந்தங்களை ரத்து செய்து, ராயல்டியை 3 விழுக்காடாக்கி, எதிர்பாராத லாபத்துக்குத் தனி வரியும் போட்டார். அந்த ஆண்டே ஆகஸ்டில் அவர் காலமானார். ஆண்டு முடிவதற்குள் உலக நெருக்கடியில் விலை மூவாயிரத்துக்கும் கீழே விழுந்தது. அடுத்து வந்த அரசு 2009இல் அந்த வரியை எடுத்துவிட்டது. 2015இல் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு 20 விழுக்காடு ராயல்டி என்று மறுபடி முயன்றார்கள். லும்வானா சுரங்கத்தை நிறுத்தப்போகிறோம் என்று பாரிக் நிறுவனம் அறிவித்ததும் சில மாதங்களில் அதையும் குறைத்துவிட்டார்கள். யார் கை ஓங்கியிருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சரி, ஆற்றுக்கு வருவோம். காஃபுவே ஆறு நாட்டின் வடக்கே உற்பத்தியாகி, செம்புச் சுரங்கங்கள் நிறைந்த செம்புப் பகுதி வழியாக வந்து, நாட்டின் நடுவே வளைந்து ஓடி, சாம்பேசியில் கலக்கிறது. சாம்பியா மக்களில் பாதிக்கு மேல் அதன் படுகையில்தான் வாழ்கிறார்கள். அந்த ஆற்றின் மேல்பகுதியில் சிங்கோலா நகரம் இருக்கிறது, அங்கே கொங்கோலா செம்புச் சுரங்கம். 2000இல் அதை வாங்கிய ஆங்கிலோ அமெரிக்கன் கட்டுப்படியாகவில்லை என்று 2002இல் விலகியது. 2004இல் வேதாந்தா நிறுவனம் 51 விழுக்காட்டை எடுத்தது, பின்னர் அதன் பங்கு ஏறக்குறைய 80 விழுக்காடு ஆனது. மீதி 20 விழுக்காடு சொச்சம் சாம்பியா அரசின் நிறுவனத்திடம் இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகமும் அந்த அரசினுடையதுதான்.

2006 நவம்பரில் அங்கே கழிவுக் குழம்பைக் கொண்டுபோகும் குழாய் உடைந்தது. செம்பைப் பிரிக்க அமிலம் ஊற்றுவார்கள், மிஞ்சும் சேற்றில் அமிலமும் செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களும் கலந்திருக்கும். அது முஷிஷிமா ஓடை வழியாகக் காஃபுவேயில் இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன. சிங்கோலாவில் ஏறக்குறைய 75,000 பேருக்குக் குழாய்த் தண்ணீர் நின்றது. ஓடையை ஒட்டிய கிராமங்களில் குழாய் கிடையாது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு, ஆடு மாட்டுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஓடைதான். தண்ணீரில் உலோக வாடை அடிக்கிறது, தோட்டம் கருகிப்போகிறது, வயிறு கெடுகிறது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சுமார் 2,000 பேர் உள்ளூரில் வழக்குப் போட்டார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கடுமையாகக் கண்டித்து, அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மேல்முறையீட்டில் 2015இல் உச்ச நீதிமன்றம் தவறு நடந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மருத்துவச் சான்று காட்ட முடிந்தவர்கள் 12 பேர்தான், அவர்களுக்கு மட்டும் பணம் என்று குறைத்துவிட்டது. ஓடைத் தண்ணீர் குடித்து நோய் வந்தது என்று மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும். கிராமத்தில் மருத்துவரே இல்லாதபோது அதை எப்படி வாங்குவது?

அதே ஆண்டில் 1,826 கிராமத்தார் லண்டனில் தாய் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். இது சாம்பியாவில் நடக்க வேண்டிய வழக்கு என்று நிறுவனம் வாதிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், இவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணமும் வழக்கறிஞர் பலமும் அங்கே அந்த ஏழைகளுக்குக் கிடைக்காது, எனவே இங்கேயே நடக்கலாம் என்று தீர்ப்பளித்தது. துணை நிறுவனம் செய்த கேட்டுக்குத் தாய் நிறுவனமும் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம் என்பதற்கு உலகம் முழுதும் இப்போது மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. 2021 ஜனவரியில், தவறை ஒப்புக்கொள்ளாமல், தொகையை வெளியிடாமல், நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. குழாய் உடைந்து 14 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இந்தச் சுரங்கத்துக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் வேதாந்தாவினுடையதே. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த பிறகு தமிழ்நாடு அரசு அதை மூடியது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. மூடியதால் இந்தியா செம்பை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று, இருந்தும் தாங்கிக்கொண்டது. 13 உயிர் போன பிறகுதான் அந்த முடிவு வந்தது என்பதை மறந்துவிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் மூடிய பிறகு அந்த முடிவில் நிற்க முடிந்தது, ஏனென்றால் இந்தியாவின் கடன் தவணை அந்த ஒரு ஆலையை நம்பி இல்லை. சாம்பியாவிலும் 2019 மே மாதம் எட்கர் லுங்குவின் அரசு கொங்கோலாவைக் கையகப்படுத்தியது. ஓட்டப் பணமில்லை, வழக்குகள் இழுத்தன, அதற்குள் நாடே திவால் ஆனது. நூறு கோடி டாலருக்கு மேல் முதலீடு செய்வதாக வாக்குக் கொடுத்த அதே வேதாந்தாவிடம் 2024இல் சுரங்கம் திரும்பிப் போனது.

இப்போது வேறொரு சந்தேகம் வரும். செம்பு இவ்வளவு ஏற்றுமதியாகிறதே, கடன் ஏன் தீரவில்லை? ஏற்றுமதி மதிப்பு வேறு, நாட்டில் தங்கும் பணம் வேறு. முஃபுலிராவில் இருக்கும் மோபானி சுரங்கத்தைப் பாருங்கள். 2021 வரை கிளென்கோர் நிறுவனம்தான் அதன் பெரும்பான்மைப் பங்குதாரர், அதுவே செம்பை வாங்கி விற்கும் வியாபாரியும்கூட. மோபானி தன் செம்பைச் சுவிட்சர்லாந்தில் இருந்த தாய் நிறுவனத்துக்குச் சந்தை விலைக்குக் கீழே விற்றால், லாபம் சாம்பியாவில் காணாமல் போய்ச் சுவிட்சர்லாந்தில் தலைகாட்டும். வரி அங்கே குறைவு. இது வெறும் சந்தேகம் இல்லை. 2006 முதல் 2009 வரையான கணக்குக்கு 2020 மே மாதம் சாம்பியாவின் உச்ச நீதிமன்றம் வரித்துறைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, ஏறக்குறைய 1.3 கோடி டாலர் கட்டச் சொன்னது. அந்தக் காலத்துச் சுங்கக் கணக்கில் சாம்பியா செம்பின் பெரும்பகுதி சுவிட்சர்லாந்துக்குப் போனதாக எழுதியிருக்கும். உண்மையில் சரக்கு அங்கே போகவே இல்லை, காகிதம்தான் போனது.

அதே முஃபுலிராவில் உருக்காலையின் கந்தக வாயு கன்கோயோ குடியிருப்பின் மேல் பல பத்தாண்டுகள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே தகரக் கூரைகள் அரித்துப்போகும், தோட்டத்தில் கற்றாழை மாதிரி ஒன்றிரண்டுதான் பிழைக்கும். இந்த மாசு தனியாருக்கு விற்ற பிறகு வந்ததல்ல, அரசு நடத்தியபோதே இருந்தது. 2014இல் கிளென்கோர் உருக்காலையைப் புதுப்பித்த பிறகு வாயுவின் பெரும்பகுதியைப் பிடிக்க முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மூலதனம் என்றாலே நஞ்சு, அரசுடைமை என்றாலே தூய்மை என்று நான் சொல்லவரவில்லை. புதுப்பிக்கப் பணம் வேண்டும், கட்டாயப்படுத்த ஒரு அரசு வேண்டும். சாம்பியாவில் முன்னதும் பின்னதும் ஒரே நேரத்தில் கிடைத்தது அபூர்வம்.

கடனுக்குத் திரும்புவோம். 2005இல் பெருங்கடனாளி ஏழை நாடுகளுக்கான திட்டத்தில் சாம்பியாவுக்குத் தள்ளுபடி கிடைத்தது. சுமார் 700 கோடி டாலராக இருந்த வெளிக்கடன் அடுத்த ஓரிரு ஆண்டில் 50 கோடிக்கு அருகே வந்தது. பள்ளிக்கும் மருந்துக்கும் கையில் காசு மிஞ்சிய நல்ல காலம் அது. அந்த நேரத்திலும் ஒரு கூட்டம் புகுந்தது. 1979இல் டிராக்டர் வாங்க ருமேனியா கொடுத்த கடன் ஒன்று பாக்கி இருந்தது. அதைத் தள்ளுபடி விலையில் தீர்க்கச் சாம்பியா பேசிக்கொண்டிருந்தபோதே, டொனேகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் 1999இல் குறுக்கே வந்து ஏறக்குறைய 33 லட்சம் டாலருக்கு அந்தப் பத்திரத்தை வாங்கியது. பிறகு லண்டனில் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007இல் நீதிமன்றம் 1.5 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுக்கச் சொன்னது. மற்ற நாடுகள் விட்டுக்கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இப்படித் தனியார் கைக்குப் போனது. அந்த வெட்கக்கேடுதான் 2010இல் பிரிட்டன் இதைத் தடுக்கச் சட்டம் போடக் காரணங்களில் ஒன்று.

பிறகு 2012. மேற்கு நாடுகளில் வட்டி பூஜ்யத்துக்கு அருகில் கிடந்ததால், கொஞ்சம் கூடுதல் வட்டி எங்கே கிடைக்கும் என்று பணம் அலைந்துகொண்டிருந்தது. சாம்பியா 75 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, வட்டி 5.375 விழுக்காடு. கேட்டதைவிடப் பல மடங்கு பணம் கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 2014இல் 100 கோடி, வட்டி 8.5. 2015இல் 125 கோடி, வட்டி ஏறக்குறைய 9. இன்னொரு பக்கம் சாலை, விமான நிலையம், காஃபுவே பள்ளத்தாக்கில் 750 மெகாவாட் நீர்மின் நிலையம் என்று சீன வங்கிகளின் கடன் சேர்ந்துகொண்டே போனது. இவற்றில் தேவையானவையும் இருந்தன, விலை ஊதிப்பெருத்தவையும் இருந்தன. ஆட்சியாளர்களின் பேராசைக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் வெளியார் மேல் போடுவது அந்த மக்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

இந்தக் கடனெல்லாம் டாலரில், வரி வருமானமோ உள்ளூர் நாணயமான குவாச்சாவில். 2012இல் ஒரு டாலருக்குச் சுமார் 5 குவாச்சா. 2011இல் பத்தாயிரம் டாலரைத் தொட்ட செம்பு 2016 தொடக்கத்தில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு விழுந்தது, கூடவே குவாச்சாவும் விழுந்தது. 2020 கடைசியில் ஒரு டாலருக்கு 21 குவாச்சா. ஒரு பைசா புதிதாகக் கடன் வாங்காமல் இருந்திருந்தாலும், உள்ளூர்ப் பணத்தில் கடன் நான்கு மடங்கு ஆகியிருக்கும். 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்ட முடியாமல் சாம்பியா கைவிரித்தது. கொரோனா காலத்தில் அப்படிக் கைவிரித்த முதல் ஆப்பிரிக்க நாடு அதுதான்.

கைவிரித்த பிறகு தீர்வுக்கு மூன்றரை ஆண்டு பிடித்தது. கடன் கொடுத்த அரசுகள் 2023 ஜூனில் 630 கோடி டாலர் கடனைத் தள்ளிவைக்க ஒத்துக்கொண்டன. அதில் 400 கோடிக்கு மேல் சீனாவினுடையது. பத்திரம் வைத்திருந்தவர்களோடு செய்த முதல் ஒப்பந்தத்தை, தாங்கள் விட்டுக்கொடுத்த அளவு அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று அந்த அரசுகளே நிராகரித்தன. 2024 ஜூனில்தான் அது முடிந்தது. நிதியத்தின் 130 கோடி டாலர் திட்டத்துக்காக எரிபொருள் மானியம் போனது. நியாயமாகச் சொன்னால், அதே காலத்தில் புதிய அரசு 30,000 ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கவும் முடிந்தது, 1986இன் நிதியம் இதற்கு இடம் கொடுத்திருக்காது. ஆனால் அதே அரசுதான் சுரங்கங்களுக்கான வரியில் சலுகையும் கொடுத்தது: கட்டிய ராயல்டியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று 2022இலிருந்து மாற்றியது. முதலீடு வர வேண்டும், டாலர் வர வேண்டும், தவணை கட்ட வேண்டும்.

கடனுக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு இன்னும் மறைவானது. சாம்பியாவின் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர்மின்சாரம். அதில் ஏறக்குறைய பாதி சுரங்கங்களுக்குப் போகிறது. 2024இல் நாற்பது ஆண்டில் காணாத வறட்சி வந்து, விதைத்த மக்காச்சோளத்தில் பாதி கருகியது, கரிபா நீர்த்தேக்கம் வற்றியது. தலைநகர் லுசாகாவில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம்தான் மின்சாரம் என்ற நிலை. மின்சார அடுப்பு வைத்திருந்த வீடுகளும் கரியடுப்புக்குத் திரும்பின. கரி வேண்டுமென்றால் மரம் வெட்ட வேண்டும். சாலையோரம் மூட்டை மூட்டையாக நிற்கும் அடுப்புக்கரி, பயிர் போன விவசாயிக்குக் கையில் கிடைத்த ஒரே வருமானமும்கூட. சூரிய மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் முன்கூட்டியே பணம் போட்டிருந்தால் இது குறைந்திருக்கும். அந்தப் பணம்தான் பல ஆண்டுகளாக வட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. வறட்சியைச் சமாளிக்க நிதியத்தின் கடன் 130 கோடியிலிருந்து 170 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. உலகத்தின் கரியமில வாயுவில் சாம்பியாவின் பங்கு கண்ணுக்கே தெரியாத அளவு.

இலங்கை வாசகர்களுக்கு இதில் பாதி பழகிய கதையாக இருக்கும். அங்கேயும் டாலர் பத்திரங்கள்தான் கழுத்தை நெரித்தன, 2022 ஏப்ரலில் கைவிரித்தார்கள். 2021இல் செயற்கை உரத்துக்குத் திடீரென்று தடை போட்டதற்குச் சொன்ன காரணம் இயற்கை விவசாயம். ஆனால் அந்நியச் செலாவணி கையில் இல்லாததும் அதற்குப் பின்னால் இருந்தது. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. மண்ணைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தைக்கூட, கடன் நெருக்கடிக்குள் அவசரமாகச் செய்தால் விவசாயி தலையில்தான் விடியும்.

2025 பிப்ரவரி 18 அன்று செம்புப் பகுதியில் சாம்பிஷி அருகே சீன அரசு நிறுவனத்தின் துணை நிறுவனமான சினோ மெட்டல்ஸின் கழிவு அணை உடைந்தது. அமிலக் குழம்பு ம்வம்பாஷி ஓடை வழியாக மறுபடியும் அதே காஃபுவேயில் கலந்தது. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் வாழும் கிட்வே நகரத்துக்குக் குடிநீரை நிறுத்தினார்கள். ஆற்றில் நூறு கிலோமீட்டர் தாண்டியும் செத்த மீன் ஒதுங்கியது. அமிலத்தை முறிக்க விமானப் படை விமானத்திலிருந்து சுண்ணாம்பைக் கொட்டினார்கள். ஆறு மாதம் கழித்து, ஆபத்து இன்னும் இருக்கிறது என்று அமெரிக்கத் தூதரகம் தன் ஊழியர்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றியது. பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் சரியாகிவிட்டது என்றது சாம்பியா அரசு. அந்த அரசுக்கு மிக அதிகமாகக் கடன் கொடுத்த நாடு சீனா. பதில் அப்படி வந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கடன் கொடுத்தவரின் நிறுவனத்திடம் முழு இழப்பீட்டைக் கறாராகக் கேட்கும் தெம்பு ஒரு அரசுக்கு எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது கப்வே. 1906 முதல் 1994 வரை ஈயமும் துத்தநாகமும் எடுத்த ஊர். முதலில் வெளிநாட்டு நிறுவனங்கள், பிறகு அரசு. மூடிவிட்டுப் போனார்கள், ஈயத்தூள் முற்றத்து மண்ணில் கிடக்கிறது, அதில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறுகிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும், போன வளர்ச்சி திரும்பாது. இந்த மண்ணையும் வேறு சில சுரங்க ஊர்களையும் சுத்தம் செய்ய 2016இல் உலக வங்கி 6.56 கோடி டாலர் கொடுத்தது. நன்கொடையாக அல்ல, கடனாக. வட்டி குறைவுதான், ஆனால் கடன். சுரங்கம் தோண்டியபோது வந்த லாபம் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. கழிவை அள்ளும் செலவு அந்தக் குழந்தைகள் வளர்ந்து வரி கட்டித் தீர்க்க வேண்டிய கணக்கில் ஏறியிருக்கிறது.

அப்படியானால் வெளிநாட்டு முதலீடே வேண்டாமா என்று கேட்பீர்கள். பக்கத்து நாடான போட்ஸ்வானாவைப் பாருங்கள். வைரச் சுரங்கத்தில் டி பீர்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. 1969இல் 15 விழுக்காடாக இருந்த அரசின் பங்கை 1975க்குள் 50 ஆக்கிக்கொண்டது. அதுவும் அந்நிய மூலதனம்தான், ஒற்றைப் பொருள் ஏற்றுமதிதான். பெரிய கடன் சுமை இல்லாமல் உட்கார்ந்து பேசியதால் நிபந்தனை போட முடிந்தது. பேரம் பேசும் நாளில் கையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பது, வருகிற முதலீடு எந்த நாட்டினுடையது என்பதைவிட முக்கியம்.

சாம்பியா 2030களின் தொடக்கத்துக்குள் ஆண்டுக்கு 30 லட்சம் டன் செம்பு எடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. இப்போது எடுப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மின்சார வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் உலகம் செம்பு கேட்கிறது, வாங்க அமெரிக்கா, ஐரோப்பா, சீனா, வளைகுடா எல்லாம் நிற்கின்றன. இத்தனை பேர் கேட்கும்போது நிபந்தனை போட இதைவிட நல்ல நேரம் வராது. நான் அங்கே இருந்தால் மூன்று விஷயங்களைத்தான் கேட்பேன். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே பொதுவெளிக்கு வருகிறதா? பங்காளி நிறுவனத்துக்கு விற்றாலும் லண்டன் சந்தை விலையில்தான் வரி என்று 2008இல் போட்ட விதியை யாருக்கும் விலக்கில்லாமல் நடத்துகிறார்களா? கழிவு அணை உடைந்தால் சுத்தம் செய்யவும், மூடும்போது மண்ணைச் சரிசெய்யவும் ஆகும் முழுச் செலவையும், முதல் டன் செம்பு வெளியேறும் முன்பே ரொக்கமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ வாங்கி வைக்கிறார்களா? இதற்கான சுற்றுச்சூழல் நிதி சாம்பியாவின் சட்டத்தில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதில் எந்தச் சுரங்கம் எவ்வளவு கட்டியிருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட்டாலே காஃபுவே கரையில் இருப்பவர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.